1:72 என்றால் உண்மையில் என்ன? பாய்மரப் போர்க்கப்பல் மாதிரிகளும் அளவுவிகிதமும்

பழைய பாய்மரப் போர்க்கப்பல்களின் மாதிரிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சில வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். "இது 1:100, அதனால் பெரிய மாடல்." "அசல் கப்பலின் அதே மரத்தில் செய்திருக்கிறார்கள், அச்சு அசலாக இருக்கிறது." "ஒவ்வோர் ஆணியும் தெரிகிறது, என்ன துல்லியம்!" முதலாவது கணக்குப் பிழை. மற்ற இரண்டும் பாராட்டு என்று எண்ணிச் சொல்லப்படும் குறைகள். மாதிரி செய்வதற்கான பாகங்கள் வரும் பெட்டியின் மேல் அச்சிட்ட அந்த எண்ணை வெறும் அளவுக் குறியீடாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. அந்த எண் மரத்தையும் கயிற்றையும் பாயையும் என்ன பாடுபடுத்துகிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு மாதிரியைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

எண் பெரிதானால் கப்பல் சிறிதாகும்

அளவுவிகிதம் என்பது ஒரு வகுத்தல். 1:72 என்றால் அசல் கப்பலின் ஒவ்வொரு நீளத்தையும் 72-ஆல் வகுக்க வேண்டும். வகுக்கும் எண் பெரிதாகப் பெரிதாக விடை சிறுத்துக்கொண்டே போகும்.

விக்டரி என்ற பிரிட்டிஷ் கப்பலை எடுத்துக்கொள்வோம். 1765-இல் நீரில் இறக்கப்பட்டு, 1805-இல் டிராஃபல்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கொடிக்கப்பலாக, அதாவது தளபதி ஏறிய தலைமைக் கப்பலாக, நின்ற 104 பீரங்கிக் கப்பல் அது. அதன் பீரங்கித் தளத்தின் நீளம் 186 அடி, ஏறத்தாழ 56.7 மீட்டர். 1:48-இல் இது 118 சென்டிமீட்டர், 1:72-இல் 79, 1:100-இல் 57. ஒரே கப்பல்தான். 1:48 என்றால் ஒரு முழு மேசையைக் கேட்கும், 1:100 என்றால் புத்தக அலமாரித் தட்டு போதும்.

48, 64, 96 என்ற விசித்திரமான எண்கள் எங்கிருந்து வந்தன என்று பலர் கேட்பதுண்டு. பிரிட்டிஷ் கப்பல் கட்டுநர்கள் ஓர் அடியைக் கால் அங்குலமாகச் சுருக்கி வரைபடம் வரைந்தார்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம். அதில் கால் அங்குலங்கள் 48. அரைக்கால் அங்குலமாகச் சுருக்கினால் 96. மீட்டரில் கணக்கிடுபவர்கள் 1:50, 1:100 என்று போகிறார்கள்.

எந்த நீளம், யாருடைய அடி?

வகுப்பதற்கு முன் எதை வகுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். விக்டரியின் பீரங்கித் தளம் 56.7 மீட்டர்; முழு நீளம் என்று நூல்களில் காணப்படுவது 69 மீட்டருக்கு மேல். இரண்டுமே சரி. தளத்துக்கு வெளியே முன்னும் பின்னும் நீளும் பகுதிகளைச் சேர்ப்பதும் விடுவதும்தான் வேறுபாடு. 69 மீட்டரைத் தள நீளம் என்று எண்ணி வகுத்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதான கப்பலைக் கட்டிக்கொண்டிருப்பார்.

அடியும் எல்லா நாட்டிலும் ஒன்றாக இருக்கவில்லை. ஆங்கில அடி 30.48 செ.மீ., பழைய பிரெஞ்சு அடி 32.48 செ.மீ. பிரெஞ்சு வரைபடத்தை ஆங்கில அடியாகப் படித்தால் கப்பல் 6 விழுக்காடு சிறுத்துவிடும். அந்தக் காலத்துக் கட்டுநர்களே இந்தக் குழப்பத்துக்குத் தப்பவில்லை. 1628-இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 1961-இல் வெளியே எடுக்கப்பட்ட வாசா கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டு ஸ்வீடன் அடி, இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடி. ஒரே கப்பலில் இரண்டு அடிகள்!

இதுவரை பார்த்தது நீளத்தைப் பற்றி மட்டும். இந்த அளவுக்குக் கணக்கு எளிது. சிக்கல் இனிமேல்தான்.

எடை அப்படிச் சுருங்காது

நீளத்தை 48-ஆல் வகுத்தால் பரப்பு 48 மடங்கு குறையும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. பரப்புக்கு நீளம், அகலம் என்று இரண்டு திசைகள். இரண்டும் 48-ஆல் வகுபடுவதால் பரப்பு 2,304-இல் ஒரு பங்காகிறது. கன அளவுக்கு உயரமும் சேர்கிறது; அது 1,10,592-இல் ஒரு பங்கு.

விக்டரியின் இடப்பெயர்ச்சி ஏறத்தாழ 3,500 டன். இடப்பெயர்ச்சி என்பது மிதக்கும் கப்பல் தள்ளிவிடும் நீரின் எடை; அது கப்பலின் மொத்த எடைக்குச் சமம். 1:48 மாதிரியைத் தண்ணீரில் விட்டு, அசல் கப்பல் அமிழ்ந்த அதே கோடு வரை அமிழ வைக்க வேண்டுமானால் அது சுமார் 32 கிலோ இருக்க வேண்டும். 1:96 மாதிரிக்கு 4 கிலோ போதும். நீளம் பாதி, எடை எட்டில் ஒன்று. தொடக்கநிலையாளர்கள் 1:48 பெட்டியை வாங்கிவிட்டு, இது 1:96-ஐப் போல இரண்டு மடங்கு பெரிது, அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். வைக்கும் இடமும் கண்ணாடிப் பெட்டியும் எட்டு மடங்கு கன அளவைக் கேட்கும்போதுதான் உறைக்கிறது.

இந்தக் கணக்கின் விளைவு கயிற்றிலும் பாயிலும் நன்றாகத் தெரியும். கப்பலின் தளர்ந்த கயிறு தன் எடையாலேயே அழகாகத் தொய்ந்து தொங்கும். மாதிரியின் நூலுக்கு அந்த எடை இல்லை. அதன் விறைப்புதான் மிஞ்சுகிறது. கட்டிய இடத்தில் கம்பியைப் போல விறைத்து நிற்கும். அதனால் நீர்த்த பசையில் நனைத்து, வேண்டிய வளைவில் பிடித்து உலர்த்துகிறார்கள். புவியீர்ப்பை நம்மால் 72 மடங்கு கூட்ட முடியாதல்லவா, தொய்வைக் கையால்தான் செய்தாக வேண்டும்.

மரத்துக்கு விகிதம் தெரியாது

ஒரு புகைப்படத்தைக் கைபேசியில் சுருக்கினால் அதிலுள்ள முகம், சட்டை, சட்டையின் இழை எல்லாம் ஒன்றாகவே சுருங்கும். மாதிரிக் கப்பலையும் இப்படிச் சுருக்கிய படமாகவே பெரும்பாலோர் கற்பனை செய்கிறார்கள். நடப்பது வேறு. வடிவம்தான் சுருங்குகிறது, பொருள் சுருங்குவதில்லை.

விக்டரி பெரும்பாலும் ஓக் மரத்தால் ஆனது. ஓக்கின் குறுக்குவெட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும் நுண்துளைகள் உண்டு. பலகையாக அறுத்தால் அவை மெல்லிய கீறல்களாகத் தெரியும். அந்தக் கீறலின் அகலம் 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:48 மாதிரியில் அதே ஓக்கைப் பயன்படுத்தினால், அந்தக் கீறல் அசல் கப்பலில் 14 மில்லிமீட்டர் அகலப் பிளவுக்குச் சமம். ஒரு விரல் நுழையும். அப்படிப்பட்ட பலகையைக் கப்பல் கட்டும் தளத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

திருகோணமலையின் பெயர் தாங்கிய டிரிங்கோமலி என்ற ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் 1817-இல் பம்பாயில் தேக்கால் கட்டப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் மாதிரியைத் தேக்கிலேயே செய்ய வேண்டும் என்ற ஆசை நம்மவர்களுக்கு எளிதில் வரும். ஆசை நியாயமானது, ஆனால் தேக்கின் இழையும் இந்தச் சிறிய அளவுக்குச் சொரசொரப்பானது. பேரி, பாக்ஸ்வுட் போன்ற இழை நெருக்கமான மரங்களில் செய்து சாயம் ஏற்றினால், தேக்கில் செய்ததைவிட அது தேக்குக் கப்பலாகத் தெரியும்.

இந்த உத்தி புதிதும் அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்தோடு தொடர்புடைய அழகான மாதிரிகள் செய்யப்பட்டன. அவற்றில் பல 1:48 விகிதத்தில், பாக்ஸ்வுட், பேரி மரங்களில் அமைந்தவை. கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இவற்றின் பெரிய தொகுப்பு இருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அடிக்காமல் உள்ளே உள்ள வங்குகள் தெரியும்படி விட்டிருப்பார்கள். வங்கு என்பது கப்பலின் விலா எலும்பாக நிற்கும் வளைமரம். வேடிக்கை என்னவென்றால், அந்த வங்குகளின் அமைப்பு அசல் கப்பலின் அமைப்பு அல்ல. கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும்படி எளிமையாக்கப்பட்டது. கப்பலைக் கட்டத் தெரிந்த காலத்திலேயே மாதிரியில் எதை அப்படியே காட்டுவது, எதை மாற்றுவது என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: அசல் பொருளைப் பயன்படுத்துவது வேறு, அசல் தோற்றத்தைக் கொண்டுவருவது வேறு. மாதிரியில் இரண்டாவதுதான் நோக்கம்.

பாய் ஏன் பெரும்பாலும் இருப்பதில்லை

பாய்த்துணியின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் என்றால் 1:72-இல் அது 0.014 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய துணியை யாரும் நெய்வதில்லை. சாதாரணப் பருத்தித் துணி 0.2 மி.மீ. தடிமன், அதை மாட்டினால், அசலில் 14 மி.மீ. தடிப்புள்ள கம்பளத்தைப் பாயாகக் கட்டியதற்குச் சமம். காற்று எவ்வளவு வீசினாலும் அசையாது. மெல்லிய தாளில் பாய் செய்பவர்கள் இருக்கிறார்கள். பலர் பாயே வேண்டாம் என்று வெறும் மரங்களோடு விட்டுவிடுகிறார்கள். தடித்த துணிப் பாயைவிடப் பாய் இல்லாத கப்பல் எனக்கு எப்போதும் மேலாகப் படுகிறது.

கயிறு: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

ஒரு போர்க்கப்பலின் கயிறுகள் இரண்டு வகை. பாய்மரங்களை அசையாமல் பிடித்து நிற்பவை நிலைக்கயிறுகள். தார் பூசியிருப்பதால் கறுப்பாக இருக்கும். பாய்களையும் பருமல்களையும் இழுக்கவும் தளர்த்தவும் உதவுபவை ஓடுகயிறுகள். இவை வெளிறிய பழுப்பு நிறம். பருமல் என்பது பாய் தொங்கும் குறுக்குமரம். எல்லாக் கயிற்றையும் ஒரே நிறத்தில் கட்டிய மாதிரியைப் பார்த்தால், செய்தவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளவில்லை என்று உடனே சொல்லிவிடலாம்.

பழைய அட்டவணைகளில் "20 அங்குல வடம்" என்று இருக்கும். அது விட்டம் அல்ல, சுற்றளவு. அந்தக் காலத்தில் கயிற்றைச் சுற்றளவால்தான் அளந்தார்கள். 20 அங்குலச் சுற்றளவுள்ள நங்கூர வடத்தின் விட்டம் 6.4 அங்குலம், அதாவது 16 செ.மீ. 1:72-இல் 2.2 மில்லிமீட்டர். சுற்றளவை விட்டம் என்று படித்தவர் 7 மில்லிமீட்டர் கயிற்றைத் தேடிக்கொண்டிருப்பார். மூன்று மடங்கு தடிப்பு! நங்கூரத்துக்கு மட்டும் இந்தத் தவறு நேர்ந்தால் பரவாயில்லை. எல்லாக் கயிறும் மூன்று மடங்கானால் கப்பல் கயிற்றுக் குவியலுக்குள் மறைந்துவிடும்.

அடுத்தது முறுக்கு. வழக்கமான கப்பல் கயிறு மூன்று புரிகள் வலப்பக்கம் முறுக்கப்பட்டது. நங்கூர வடம் அப்படிப்பட்ட மூன்று கயிறுகளை ஒன்றாக எதிர்த்திசையில் முறுக்கியது. கடையில் கிடைக்கும் தையல் நூலில் இந்தப் புரிகள் தெரியாது. மயிரிழைகளும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். இந்தத் துறையில் ஊறியவர்கள் சிறு கயிறுதிரிக்கும் கருவி ஒன்றைச் செய்து, மெல்லிய நூல்களைத் தாங்களே புரிகளாக முறுக்கிக்கொள்கிறார்கள். தொடக்கநிலையாளருக்கு இது தேவையில்லை. நூலை மெழுகில் ஒருமுறை இழுத்தால் சிலிர்ப்பு அடங்கிவிடும். முதல் கப்பலுக்கு அது போதும்.

பாய்மரத்தின் இரு பக்கமும் ஏணியைப் போல ஏறிச் செல்லும் கயிற்று வலையைக் கவனித்திருப்பீர்கள். செங்குத்தாக நிற்பவை பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள். குறுக்கே கட்டியிருப்பவை மாலுமிகள் கால் வைக்கும் படிக்கயிறுகள். படிக்கு இடையே 33 செ.மீ. என்று கொண்டால் 1:72-இல் 4.6 மில்லிமீட்டர். அவசரத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டுபவர்கள் நிறைய. அந்தக் கப்பலின் மாலுமி ஒவ்வொரு படிக்கும் 72 செ.மீ. காலைத் தூக்க வேண்டும், அதுவும் புயலில்!

இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. அட்டையில் ஓர் ஆளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 168 செ.மீ. உயர மனிதர் 1:72-இல் 23 மில்லிமீட்டர், 1:48-இல் 35 மில்லிமீட்டர். அவரைத் தளத்தில் நிறுத்தி, படியில் ஏற்றி, சுக்கான் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதவு இடுப்பளவில் நின்றாலோ கைப்பிடிச் சுவர் தலைக்கு மேல் போனாலோ உடனே காட்டிக்கொடுத்துவிடுவார். எந்த அட்டவணையையும்விட இந்த அட்டை மனிதர் நம்பகமானவர்.

பலகை ஏன் நேராகப் படியாது

பெட்டியில் வரும் மரக் கப்பல்களில் பெரும்பாலானவை ஒரே முறையில் அமைந்தவை. ஏரா எனப்படும் அடிமரத்தின் இடத்தில் ஓர் ஒட்டுப்பலகைத் தகடு. அதில் குறுக்கே செருகிய வடிவத் தகடுகள். அவற்றின் மேல் மெல்லிய மரப்பட்டைகள். அசல் கப்பலில் வங்குகள் ஏறக்குறைய ஒன்றையொன்று ஒட்டி நின்றன. இங்கே இடைவெளி விட்டு நிற்கும் தகடுகள் வடிவத்தை மட்டும் தருகின்றன. வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது என்பதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

பட்டை ஒட்டும் கட்டத்தில்தான் முதல் கப்பல்கள் பாதியில் நிற்கின்றன. காரணம் எளிய வடிவியல். கப்பலின் நடுப்பகுதியில் ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை வளைவாக அளந்தால் 150 மி.மீ. என்று வைப்போம், அணியத்தில், அதாவது முன்முனையில், அதே தூரம் 90 மி.மீ.தான். 30 பலகைகள் ஒட்ட வேண்டும். நடுவில் ஒவ்வொன்றும் 5 மி.மீ., முனையில் 3 மி.மீ. ஆகவே ஒவ்வொரு பட்டையையும் முனையை நோக்கிச் சீவிக் குறுக்க வேண்டும். சீவாமல் ஒட்டினால் பத்தாவது பட்டையிலேயே ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மேல்நோக்கி நெளியத் தொடங்கும். பசையையும் மரத்தையும் குறை சொல்லிப் பயனில்லை, 5 மி.மீ. பட்டைகள் முப்பதை 90 மி.மீ. இடத்துக்குள் யாராலும் திணிக்க முடியாது.

சீவுவதற்கும் எல்லை உண்டு. பாதி அகலத்துக்குக் கீழே போனால் ஆணி பிடிக்காது என்பதால் அசல் தச்சர்கள் இரண்டு பலகைகளை முனைக்குச் சற்று முன்பே ஒன்றாக்கிவிடுவார்கள். கடையார் எனப்படும் பின்முனையின் கீழ்ப்பகுதியில் நிலைமை தலைகீழ்: அங்கே இடம் விரிகிறது; ஆகவே கூடுதலாக ஓர் ஆப்புப் பலகையைச் செருக வேண்டும்.

முழுநீளப் பட்டையும் ஓர் அடையாளம்தான். ஏழு மீட்டருக்கு மேல் நீண்ட நல்ல பலகை கிடைப்பது அரிது என்பதால் அசல் கப்பலில் பலகைகள் முனையோடு முனை சேர்க்கப்பட்டன. 1:72-இல் அது பத்து செ.மீ.க்கு ஒரு மூட்டு. அடுத்தடுத்த வரிசைகளில் மூட்டுகள் ஒரே வங்கின் மேல் வரக்கூடாது. வந்தால் அந்த இடம் பலவீனமாகும். பெட்டியிலிருந்து எடுத்த அரை மீட்டர் பட்டையை அப்படியே ஒட்டினால் 36 மீட்டர் நீள ஒற்றைப் பலகை! அப்படி ஒரு மரம் இருந்திருந்தால் அதைப் பாய்மரத்துக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணுக்கும் உண்டு விகிதம்

1:72 மாதிரியை அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறோம். அது அசல் கப்பலை 36 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஈடு. அந்தத் தூரத்தில் ஆணித்தலை தெரியுமா? செப்புத் தகடுகள்தான் இதற்கு நல்ல உதாரணம். கடற்புழு மரத்தை அரிக்காமலிருக்க நீருக்கடியில் தகடு அடித்தார்கள். ஒரு தகடு நான்கு அடிக்கு 14 அங்குலம், 1:72-இல் 17 மி.மீ.க்கு 5 மி.மீ. அசலில் ஆணித்தலைகள் தகட்டோடு கிட்டத்தட்டச் சமமாகப் படிந்திருக்கும். சில பெட்டிகளில் வரும் தகடுகளிலோ ஒவ்வோர் ஆணியும் கொப்புளமாகப் புடைத்து நிற்கிறது. பார்ப்பவர் "என்ன துல்லியம்" என்று வியப்பது இதைத்தான். அசல் அளவுக்குப் பெருக்கினால் அவை ஆரஞ்சுப் பழத்தின் பாதி அளவு குமிழ்கள்.

விக்டரிக்குச் செப்புத் தகடு அடித்தது 1780-இல். ஆகவே 1765-இன் கப்பலைச் செய்பவர் தகடு ஒட்டினால் தவறு. டிராஃபல்கர் கப்பலைச் செய்பவர் ஒட்டாவிட்டால் தவறு. 1800-க்கும் 1803-க்கும் இடையே நடந்த பெரும் புதுப்பிப்பில் பின்புறத்துத் திறந்த மாடங்கள் மூடப்பட்டன. முன்முனைச் சிற்பமும் மாறியது. எந்தக் கப்பல் என்பதோடு எந்த ஆண்டு என்பதையும் முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு கலவைக் கப்பல்தான் மிஞ்சும்.

எதில் தொடங்குவது

விக்டரியில் 104 பீரங்கிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னுதைப்பைத் தாங்க ஒரு தடித்த கயிறு, இரு பக்கமும் கப்பி வைத்த இழுகயிறு இரண்டு. கப்பி என்பது கயிறு ஓடும் உருளைக்கட்டை. முந்நூறுக்கும் மேற்பட்ட கயிறுகள், பாய்மரத்தைத் தொடுவதற்கு முன்பே. கீழ்த்தளத்துப் பீரங்கிகளுக்கு வாய்ப்பகுதியை மட்டும் செருகும் பெட்டிகள் உண்டு. உள்ளே எதுவும் தெரியாது என்பதால் அது நல்ல முடிவு. அப்படியும் முதல் முயற்சிக்கு இது பாரம்.

கட்டர் எனப்படும் ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கடற்படைக் கட்டர் சுமார் 70 அடி நீளம், பத்துப் பன்னிரண்டு பீரங்கிகள். 1:64-இல் உடல் 33 செ.மீ., 1:48-இல் 44 செ.மீ. பலகை சீவுவது, படிக்கயிறு முடிவது, பீரங்கிக் கயிறு கட்டுவது எல்லாம் இதிலும் உண்டு. ஒவ்வொன்றும் கை பழகும் அளவுக்கு மட்டும். வகுக்கும் எண் சிறியது என்பதால் கப்பிகள் விரலுக்கு அகப்படும். 1:96 விக்டரியில் அவற்றைச் சாமணத்தால் தேட வேண்டியிருக்கும், அதுவும் பெரும்பாலும் தரையில்.